குளிரில் மட்டும் கேட்ட சத்தம்

சத்தத்தை முதலில் கேட்டவர் அம்மா. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மிஷிகனின் பனிக்காலம் அவருக்குப் புதிது. அந்த வண்டி எங்களுக்குப் புதிது. காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்காக எஞ்சினைக் கிளப்பியதும், பின்னிருக்கையில் இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டிருந்தவர், "என்னடா இது, வண்டிக்குள்ள யாரோ தையல் மெஷின் ஓட்டற மாதிரி இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். பெரிய வண்டி, எட்டு சிலிண்டர், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி; சத்தம் வராமல் இருக்குமா என்று சமாதானம் சொன்னோம். பள்ளிக்கூடம் வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. "தைச்சு முடிச்சுட்டாங்க போல" என்றார் அம்மா.

மறுநாளும் அப்படியே. குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் கிளப்பினால் டிக் டிக் டிக் என்று ஒரு தட்டல். வேகத்தை அழுத்தினால் தட்டலும் விரைவாகும். ஆறேழு நிமிடங்களில் மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும். மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்து. சனி, ஞாயிறுகளில் பத்து மணிக்குக் கடைக்குப் போய், அரை மணி கழித்துத் திரும்பினால் சத்தமே இராது. நோயாளி வைத்தியரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்வதைப் போல, பட்டறைக்கு ஓட்டிச் சென்று நிறுத்தும்போதெல்லாம் எங்கள் வண்டி பூரண ஆரோக்கியத்தோடு இருந்தது.

அதை அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வாங்கியிருந்தோம். ஆறு வயதான வண்டி, எழுபத்தெட்டாயிரம் மைல் ஓடியது, மூன்று வரிசை இருக்கை. விற்றவர் ஒரு தனி மனிதர், பண்பாகப் பேசினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாசலில் நின்றது. பானெட்டைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. "இப்போதுதான் கடைக்குப் போய்வந்தேன்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, சோம்பிக் கிடப்பதல்ல என்று நாங்கள் அதை ஒரு நற்சான்றாகவே எடுத்துக்கொண்டோம். அந்த அனலின் பொருள் எங்களுக்கு விளங்க நான்கு மாதங்களும் ஒரு பனிக்காலமும் தேவைப்பட்டன.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய நோய் அன்று என்பது ஒரு காரணம். பெரிய வி-8 எஞ்சின் பொருத்திய அமெரிக்க எஸ்.யூ.வி.க்களையும் பிக்கப்புகளையும் பழுது பார்க்கும் எந்த மெக்கானிக்கிடமும் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் நீங்கள் வாக்கியத்தை முடிக்குமுன் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மீதிப் பாதிப் பேரில் ஒருவரிடம்தான் நாங்கள் முதலில் போனோம். அவர் வால்வைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர் தேய்ந்துவிட்டது என்றார். எண்ணெயை மாற்றி, அதில் ஏதோ ஒரு மருந்தையும் ஊற்றி, இருநூற்றுச் சொச்சம் டாலர் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் காலை தையற்காரர் வழக்கம்போல் வேலைக்கு வந்துவிட்டார்.

விற்பனையகத்தின் பட்டறையில் ஓர் இரவு முழுக்க வண்டியை விட்டுவைத்து, காலையில் குளிரக் குளிரக் கிளப்பிக் கேட்ட பிறகே உண்மை தெரிந்தது. வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்டுக்குத் தலை இல்லை. அது எப்போது உடைந்து எந்த நெடுஞ்சாலையில் விழுந்ததோ தெரியாது. உடல் மட்டும் எஞ்சினுக்குள் மரையோடு மரையாக இறுகிக் கிடந்தது. வண்டிகளை வரவேற்கும் மேசையில் இருந்த இளைஞர் எங்களைத் தேற்றும் குரலில், "இது மிகச் சாதாரணம், வாரத்துக்கு ஒன்றாவது வரும்" என்றார். உற்பத்தியாளரின் உத்தரவாதம் எஞ்சினுக்கு ஐந்து ஆண்டு அல்லது அறுபதாயிரம் மைல். இரண்டையும் நாங்கள் தாண்டியிருந்தோம். வாரத்துக்கு ஒன்று உடைகிற பொருளுக்கு நாங்கள் ஏன் ஆயிரத்து நானூறு டாலர் தரவேண்டும் என்று கேட்கவேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. கேட்கவேண்டிய கேள்விகள் எங்களுக்கு எப்போதும் வீட்டில்தான் தோன்றும்.

அந்தப் பாகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் அந்தப் புகை வெளியே போகவேண்டும். வி-8 எஞ்சினில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள். நான்கின் வாயிலிருந்தும் வரும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்த்துவிடுவது மேனிஃபோல்ட். நான்கு விரல்கள் ஒரு மணிக்கட்டில் சேர்வதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். எங்கள் வண்டியில் அது ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள வார்ப்பிரும்பு. அது பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ அலுமினியம். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கேஸ்கெட். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை எட்டு போல்டுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலைவிட மெலிந்தது, எட்டு மில்லிமீட்டர்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துப் பார்த்தால், ஒரே அளவு சூட்டில் இரும்பைவிட அலுமினியம் இரு மடங்கு விரியும். ஆகவே அலுமினியம்தான் போல்டுகளை இழுத்து உடைக்கிறது என்று முதலில் நினைத்தோம். கணக்குப் போட்டதும் அது தலைகீழானது. அலுமினிய ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும். மேனிஃபோல்டுக்குத் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. பாரம் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது அது அறுநூறு டிகிரியைத் தொடும். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு, உறையும் குளிரிலிருந்து அறுநூறு டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் நூறு டிகிரிக்குப் போனால் நீளுவது ஒரு மில்லிமீட்டர். மிச்சம் இரண்டு மில்லிமீட்டர். நடுவிலிருந்து இரு பக்கமும் பிரிந்து போவதால் ஒவ்வொரு முனையிலும் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் என்பது வீட்டில் ஒன்றுமேயில்லை. ஆனால் இறுக்கிப் பூட்டிய எட்டு மில்லிமீட்டர் போல்டின் கழுத்தில் அது ஒவ்வொரு நாளும் இரண்டு முறை, போகும்போதும் வரும்போதும், நிகழ்கிறது. நடுவில் உள்ள போல்டுகளுக்கு இந்தத் துன்பம் குறைவு. முன்முனையிலும் பின்முனையிலும் இருப்பவைதாம் எல்லா வண்டிகளிலும் முதலில் போகின்றன.

இதற்குள் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சூட்டில் நீள விரும்பும் இரும்பை போல்டுகள் நீளவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. செஞ்சூட்டை நெருங்கும் இரும்பு சற்று இளகியது. நீள முடியாதபோது தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்கிறது. குளிரும்போது அது பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை, அதைவிடக் குட்டையாகிவிடுகிறது. ஆகவே காலப்போக்கில் மேனிஃபோல்ட் சுருங்கி, கொஞ்சம் வாழைப்பழம்போல் வளைந்து, முனை போல்டுகளை உள்பக்கமாக இழுக்கத் தொடங்குகிறது. ஒருநாள் தலை தெறிக்கிறது. அதன்பின் குளிர்ந்த நிலையில் அந்த முனையில் மயிரிழை இடைவெளி விழும். ஒவ்வொரு வெடிப்பின் புகையும் அந்த இடுக்கில் டிக்கென்று தப்பும். சூடேறினால் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். அம்மாவின் தையல் மெஷின் பத்து நிமிடத்தில் நின்றுபோன காரணம் அவ்வளவுதான். நோய் முற்றும் வழியும் நோயை மறைக்கும் வழியும் ஒன்றாக இருப்பது எங்களுக்கு அப்போது மிகுந்த வியப்பைத் தந்தது, இன்றும் தருகிறது.

2016 மார்ச்சில் விற்பனையகம் உடைந்ததை எடுத்து, அதே அளவில், அதே உலோகத்தில் புதிய போல்டு போட்டுக் கொடுத்தது. 2018 ஜனவரியில் அதே இடத்தில் அது மறுபடியும் உடைந்தது. இம்முறை முன்முனையில் இருந்ததும் கூடவே போயிற்று. விற்பனையகம் மறுபடியும் அதே போல்டைப் போட முன்வந்தது. உற்பத்தியாளர்கள் தங்கள் பட்டறைகளுக்கு அனுப்பும் பழுதுக் குறிப்புகளின் நகலை அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் தரவேண்டும் என்பது விதி. பொதுமக்களும் அவற்றைப் படிக்கலாம். அவற்றைத் தேடிப் படித்தோம். குறிப்பு என்பது திரும்ப அழைப்பு அன்று. திரும்ப அழைத்தால் உற்பத்தியாளர் செலவில் எல்லா வண்டிகளுக்கும் சரிசெய்து தரவேண்டும். குறிப்பு வெறுமனே, இன்ன புகாரோடு வண்டி வந்தால் இன்னபடி பழுது பார்க்கவும் என்று பட்டறைக்குச் சொல்லும். செலவு யாருடையது என்பதை உத்தரவாதத்தின் தேதி முடிவு செய்யும். எங்கள் தேதி முடிவு செய்துவிட்டிருந்தது.

எங்களுக்கு உண்மையில் அச்சம் தந்தது பணம் அன்று. அந்த ஜனவரியில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டிக்குள் புகை நெடி வீசியது. காற்றை உள்ளே இழுக்கும் வாய் முன் கண்ணாடியின் அடியில், பானெட்டின் பின்விளிம்பை ஒட்டி இருக்கிறது. ஒழுகும் இடமோ அதற்குச் சில அடி தூரத்தில். நெடி வந்தால் நெடி இல்லாததும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். சைலன்சருக்கு முன்னால் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அதன் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆனால் எங்கள் ஒழுகல் கன்வர்ட்டருக்கு முன்பே இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலை அதிகம் குடிக்கும், அப்போதுதான் அந்த வாயுவும் அதிகம் உண்டாகும். எங்கள் இடுக்கு திறந்திருப்பதும் அப்போதுதான். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, எண் காட்டும் கருவியைக் கழற்றிப் பிள்ளைகளின் இருக்கைக்கு நடுவே வைத்தோம். ஓடும்போது பூஜ்யம். வாசலில் ஹீட்டரைப் போட்டு நிறுத்தி வைத்திருந்த ஒரு காலையில் 35 காட்டியது. அந்தக் கருவி ஓலமிடுவதற்குக் கூட அது போதாத எண்தான். எங்களுக்குப் போதுமாக இருந்தது. அடுத்த ஒரு மாதம் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் சென்றார்கள்.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் அந்தக் கிழவரிடம் போனோம். ஊரின் மேற்கு எல்லையில், ஒரே ஒரு வண்டி மட்டும் நிற்கக்கூடிய பட்டறை. பெயர்ப்பலகைகூட இல்லை. இளமையில் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவராம். இரும்பைப் பற்றிப் பேசும்போது உறவினரைப் பற்றிப் பேசுவதைப்போலக் குறையும் நிறையும் சேர்த்தே சொல்வார். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஏறத்தாழ 1200 அடி ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பில் ஒரு பகுதி அங்கிருந்தே வருகிறது. கிழவர் பானெட்டைத் திறந்து, துருவேறிய போல்ட் தலைகளை விரலால் தடவிவிட்டு, "மேலே கார் செய்கிறோம், கீழே அதற்கு எமனைத் தோண்டுகிறோம்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். எமன் என்பது எங்கள் மொழிபெயர்ப்பு.

உடைந்த போல்டை வெளியே எடுப்பது எப்படி என்பதை நாங்கள் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தோம். கடைகளில் இதற்கென்று விற்கும் கருவி ஒன்று உண்டு. போல்டில் துளையிட்டு, இடப்புறமாக முறுக்கிய ஒரு கடின எஃகு ஆணியை அதில் செருகித் திருகுவது. கிழவர் அதைத் தொடுவதேயில்லை. அந்த ஆணி உள்ளே உடைந்தால் அதைத் துளையிடும் டிரில் சாதாரணப் பட்டறையில் இல்லை, ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான் என்றார். அவர் செய்தது வேறு. உடைந்த முனையின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே வெல்டிங் செய்து, நட்டையும் போல்டையும் ஒன்றாக்கினார். சுற்றியிருப்பது அலுமினியம், எஃகு வெல்டிங் அதில் ஒட்டாது. வெல்டிங்கின் சூட்டிலேயே போல்டின் துருப்பிடி தளரும். சிவப்பு மங்கும்வரை காத்திருந்து, மரையின் விளிம்பில் மெழுகைத் தொட்டு அது உருகி உள்ளே இறங்கவிட்டு, ஸ்பானரால் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டினார். முன்முனை போல்ட் முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. பின்முனையில் நான்கு முறை நட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. நான்கு முறையும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் புதிய நட்டை எடுத்தார். ஐந்தாம் முறை, சிறு முனகலோடு, அது சுழன்றது. நாங்கள் கைதட்டினோம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

வெளியே வந்த துண்டை எங்கள் உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். உடைந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக, மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாக இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சிறு பிறை அளவுக்குச் சொரசொரப்பு. வழவழப்பான இடம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தது. சொரசொரப்பு, கடைசி நாளில் ஒரே நொடியில் முறிந்தது. பொறியாளர்கள் அந்தக் கோடுகளைக் கடற்கரைக் கோடுகள் என்றே அழைக்கிறார்கள் என்று பிறகு படித்தோம்.

உலோகமும் களைத்துப்போகும் என்பதை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாறு துயரமானது. 1842 மே 8 அன்று வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. அந்நாளைய வழக்கப்படி கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. இறந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் அண்டார்க்டிகாவின் பனிக்கடலில் போய்ப் பிழைத்துத் திரும்பிய மாலுமி டுமோன் டுர்வில் ஒருவர். மனைவியும் மகனும் அவருடனே மாண்டார்கள். நேற்றுவரை பாரம் தாங்கிய அச்சு அதே பாரத்தில் இன்று ஏன் முறிகிறது என்ற கேள்வியைப் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் பொறுமையாக ஆராய்ந்தார். ஒருமுறை தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்று காட்டினார். சூடாவதும் குளிர்வதுமே அத்தகைய சுமைதான் என்பதை 1950-களில் அமெரிக்கர்களான காஃபினும் மேன்சனும் தனித்தனியே சூத்திரமாக்கினார்கள். ஆக, எங்கள் வண்டி 2009-இல் வரையப்பட்டபோது இவை எவையும் புதிய செய்திகள் அல்ல. போல்டு பலவீனமானது என்று யாராவது சொன்னால் நாங்கள் இப்போது ஏற்பதில்லை. பலவீனம், அதை நிறுத்தி வைத்த இடத்தில் இருந்தது. அதே இடத்தில் அதே காவலாளியை மறுபடியும் நிறுத்துவதற்குத்தான் ஆயிரத்து நானூறு டாலர் தந்திருந்தோம்.

கிழவர் அதே போல்டைப் போட மறுத்துவிட்டார். வளைந்த மேனிஃபோல்டை லேத் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சமமாக இழைத்து வாங்கினார். இரு முனைகளிலும் இருந்த துளைகளைக் கொஞ்சம் அகலப்படுத்தினார். இரும்பு நகரட்டும், போல்டில் இடிக்கவேண்டாம் என்றார். நீளமான போல்டுகளை எடுத்து, தலைக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் நக அளவுக்கு ஓர் எஃகுக் குழல் கோத்தார். குட்டை போல்டு விறைத்து நிற்கும்; நீண்ட போல்டு அதே இழுப்புக்குச் சற்று வளைந்தும் நீண்டும் கொடுக்கும். அடுக்கு எஃகு கேஸ்கெட். நடுவிலிருந்து முனை நோக்கி, டார்க் ரெஞ்சால், மூன்று சுற்றில் இறுக்கினார். தொள்ளாயிரம் டாலர். போகும்போது, "இடப்பக்கத்தையும் இப்போதே செய்துவிடுங்கள், உடையுமுன் கழற்றினால் அரை வேலை" என்றார். உடையாததற்கு எதற்குச் செலவு என்று நாங்கள் வேண்டாம் என்றோம். அவர் வற்புறுத்தவில்லை. மீந்துபோன எட்டு நீண்ட போல்டுகளையும் குழல்களையும் ஒரு காபி டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

வலப்பக்கம் அதன்பிறகு முனகவே இல்லை. 2022 நவம்பரில் இடப்பக்கம் தைக்கத் தொடங்கியது.

கிழவர் அதற்குள் பட்டறையை மூடிவிட்டார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வண்டி எங்களுக்குப் பெரிதாகிவிட்டது, விற்றுவிடுவதென்று முடிவு செய்தோம். இத்தகைய வண்டிகளை விற்ற அனுபவமுள்ள நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஐந்து நிமிடத்தில் உபாயம் சொன்னார். "காலையில யாரையும் வரச் சொல்லாதீங்க. பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க. அவங்க வர்றதுக்கு அரை மணி முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்திடுங்க. ஒரு சத்தமும் கேக்காது." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2015 ஆகஸ்டில் முகத்தில் அடித்த அனல் இருவருக்கும் ஒரே கணத்தில் நினைவுக்கு வந்தது.

நேர்மையாகச் சொல்வதானால், முடிவு அந்தக் கணத்திலேயே எடுக்கப்பட்டுவிடவில்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் வழக்கு நடந்தது. எங்களில் ஒருவர், நாம் ஏமாந்தோம், செத்தா போனோம், வாங்குபவன் வண்டியைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும், 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்றார். மற்றவர், மூன்று வரிசை இருக்கை உள்ள வண்டியை வாங்க வருபவனுக்குக் குழந்தைகள் இருப்பார்கள் என்றார். இதற்கு முதலாமவரிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டாயிரம் டாலர் குறையும் என்ற கணக்கு இருந்தது. யார் எந்தக் கட்சி என்பதை இங்கே எழுதுவதில்லை என்று இருவரும் உடன்பட்டிருக்கிறோம். கடைசியில் விளம்பரத்தில், இடப்பக்க மேனிஃபோல்ட் போல்ட் உடைந்திருக்கிறது, குளிரில் சத்தம் கேட்கும், காலை ஏழு மணிக்கு வந்து கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதினோம். இரண்டு வாரம் யாரும் வரவில்லை. அடுத்து வந்த இருவர் சத்தம் கேட்டதும் போய்விட்டார்கள்.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை டியர்போர்னிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நான்கு பிள்ளைகளாம். கூடவே அவருடைய மாமா. தலையில் பின்னல் குல்லா, கையில் முழ நீள ரப்பர்க் குழாய். மாமா முதலில் பேசவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கையை எஞ்சின்மேல் வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கிளப்பியதும் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி போல்டின் அருகே குழாய் நின்றது. மருமகனிடம் அரபியில் ஏதோ சொன்னார். ஆயிரத்து எண்ணூறு குறைத்துக் கேட்டார்கள். கொடுத்தோம்.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் கராஜிலிருந்து காபி டப்பாவைக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினோம். ஒரு போல்டை எடுத்தார். குழலை அதில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். வலப்பக்கம் குனிந்து அதே குழல்கள் அங்கே இருப்பதைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். சொன்னோம். டப்பாவை மூடி, முன்னிருக்கையில் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். வழியில் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருங்கள் என்றோம், சிரித்தார்கள்.

வண்டி கிளம்பியது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது.